ஆற்றில் விழுந்த காரும் அம்மா வாங்கிய பல்லும்

சபேட்டோ
19-11-2000

அன்பு மகன் விநீலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம்தான், நாடி டவுன் கோயில் முருகன் தயவில் நீயும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எனக்கு வியாபாரக் கடிதம்தான் வருகிறது, அதனால் தமிழில் எழுதுகிறேன். சங்கம் பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்துபோயிருந்தால் அங்கே ஆக்லாந்தில் இந்திராவதி சித்தியிடம் கொடு, வாசித்துச் சொல்லுவாள். அவளுக்குத் தெரியக்கூடாத ரகசியம் எதுவும் இதில் இல்லை, சபேட்டோ முழுக்கத் தெரிந்த சங்கதி, உனக்குத்தான் பாதி தெரியாது.

உன் கூட்டாளி சகியூசா பேரில் நீ எழுதி அனுப்பிய போலீஸ் புகார் வந்து சேர்ந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். ஏன் என்று முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. அந்தக் கார் உனக்கு என்ன என்று அப்பாவுக்குத் தெரியாது என்று நினைக்காதே. சர்க்கரை ஆலை வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய எம்.ஜி.ஏ. கார், பா டவுனில் ஒரு கோழிக்கூண்டுக்குப் பின்னால் துருவேறிக் கிடந்ததை நீயும் சகியூசாவும் கரும்பு லாரியில் ஏற்றிவந்த அன்று, கூண்டையும் சேர்த்து வாங்கியிருந்தால் முட்டையாவது கிடைத்திருக்கும் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. டொயோட்டா எஞ்சின், ஐந்து கியர் பெட்டி, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர், எல்லாம் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அலமாரியைத் தாண்டித்தானே உள்ளே போயிற்று. ஹோட்டலில் தங்கியிருந்த ஆஸ்திரேலியாக்காரன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பழைய காரின் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்றபோது, மாரியம்மனும் பழசுதான், கோயிலுக்கு டியூப்லைட் போடலையா என்று நீ கேட்டாய். சகியூசாவுக்கு நீ அதை ஹிந்தியில் சொன்னதும் அவன் தரையில் உருண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம் எனக்குச் சுலபமாக வரவில்லை.

காரின் பெட்ரோல் பம்புக்கு நீங்கள் ஒளித்துவைத்த சுவிட்ச் எங்கே என்று எனக்குக்கூட நீ காட்டியதில்லை. அதைப் போடாமல் வண்டி நகராது, அது தெரிந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். ஆகவே ஜூலையில், ஆட்சியைக் கவிழ்த்த கலவரத்தில் கரண்டும் இல்லாமல் சட்டமும் இல்லாமல் ஊர் கிடந்த நாளில், கார் ஷெட்டை விட்டுப் போய் ஆற்றில் தலைகீழாகக் கிடந்தபோது எடுத்தது யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீயும் வாய் திறக்கவில்லை, அடுத்த மாதம் பிளேன் ஏறிவிட்டாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சகியூசாவின் ஊர்ப் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டு வரப்போகிறார்கள் என்று எனக்குக் காற்றுவாக்கில் தெரியும். இந்தத் தீவின் பூர்வகுடிகள் வழக்கம் நமக்குப் புதிதா, திமிங்கிலப் பல்லான தம்புவாவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், வாங்கிவிட்டால் மன்னித்தாயிற்று, அதற்குமேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். முதல் தடவை வாங்குவதில்லை. சகியூசா தலையை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்து, ஏன் எடுத்தேன் என்று அவன் வாயால் சொல்லட்டும், அப்புறம்தான் கை நீட்டுவது. எனக்காக இல்லை, உனக்கு எழுதி அனுப்புவதற்காக.

அவர்கள் வந்த நேரம் நான் பின்கட்டில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் பெரியவர்கள் பாய்கூட இல்லாமல் மண்ணில் உட்கார்ந்து தலைகுனிந்திருப்பதைப் பார்த்ததும் உன் அம்மாவுக்குப் பதறிவிட்டது. அவர்களில் மூத்தவர் பல்லை இரண்டு கையாலும் நீட்டினார், இவளும் கோயிலில் தாம்பாளம் வாங்குகிற மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் காணிக்கை ஏற்கப்பட்டது என்று அவர்கள் கைதட்டுகிற சத்தம் கேட்டுவிட்டது. எல்லாம் முடிந்துபோயிற்று. கடைசி வரிசையில் சகியூசா முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். பெரியவர் என்னிடம், பையன் எங்க மண்ணோட முகத்தைக் கீழே இறக்கிட்டான், உங்க வீட்டுக்காரி தூக்கிவிட்டாங்க என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? உள்ளே வந்து அவளை ஏசினேன், பொய் சொல்ல மாட்டேன். அவள், வயசானவங்க குனிஞ்சு வந்து கையிலே நீட்டறாங்க, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா, எங்க அம்மா என்னை அப்படியா வளர்த்தாங்க என்றாள்.

கார் போன அதே சமயம்தான் நாற்சந்தியில் சுரேந்திராவின் கடையை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். நம் பூட்டில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பயல்கள் நம் கடைப்பக்கம் வராமலிருக்கக் காரைக் காட்டி அவர்களை இழுத்துக்கொண்டு போனானா, இல்லை நங்கோனா வேர்ச்சாறு குடித்த மிதப்பில் ஓட்டிக் காட்டக் கிளம்பினானா, இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆள் முகம் பார்த்தே கடன் கொடுத்துப் பிழைத்தவன் நான், குனிந்திருந்த அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் படிக்க முடியவில்லை. இனி நான் கேட்க முடியாது, நீயும் கேட்க முடியாது. சுரேந்திரா தினமும் வந்து, என் கடையை உடைச்சவனுக்கு ஜெயில், உன் காரைக் கவுத்தவனுக்கு அழுகையும் கும்பிடுமா, நல்ல வியாபாரம் பண்ணினே பாலா பாய் என்று குத்துகிறான். கடை நிற்கிற நிலம் சகியூசா குடும்பத்தாருடையது, லீஸ் முடிய அதிகக் காலம் இல்லை, அதற்காகத்தான் அப்பா வளைந்துகொடுத்தார் என்று நீயும் நினைக்கலாம். அந்த நினைப்பு எனக்கும் வந்தது, ஆனால் பல் உள்ளே வந்த பிறகுதான் வந்தது.

சகியூசா இப்போது கடைக்கு வருவதில்லை. பஸ்ஸில் போகும்போது நம் வாசல் வந்தால் ஆற்றுப்பக்கம் பார்த்துக்கொள்கிறான். மன்னித்தாயிற்று, ஆனால் ஆள் போய்விட்டான். நீயும் போய்விட்டாய். கரும்பு டிராக்டர் கட்டி இழுத்துவந்த கார் ஷெட்டில் கட்டை மேல் நிற்கிறது. பிளக்கைக் கழற்றி வண்டலை வெளியேற்றி, எஞ்சின் பிடித்துக்கொள்ளாமல் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். புது பிரேக்கெல்லாம் துருப்பிடித்துவிட்டது, முன்பக்கம் பார்க்கிற மாதிரி இல்லை. விற்கவா, வைக்கவா என்பது உன் இஷ்டம், உன் கார்.

ஆனால் உன் அம்மா விஷயம் என் இஷ்டம், அதில் நான் சொல்வதைக் கேள். பல் வாங்கின செய்தி தெரிந்து நீ போனில், இனிமே எனக்கு அங்கே யாரும் இல்லைன்னு வெச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடை போன் அடித்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவோரம் நிற்கிறாள். யாரோ கிளட்ச் பிளேட் கேட்கிறார்கள் என்று நான் சொன்னதும் திரும்பிப் போகிறாள். அந்தப் பல்லைச் சாமி அறையில் வைக்கவும் மனமில்லை, வெளியே வைக்கவும் பயம், துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், தவணையில் வண்டி வாங்காதே, சித்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, முருகன் உன் கூட இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, நான் எடுக்க மாட்டேன், அவளே எடுக்கட்டும். மன்னித்துவிட்டேன் என்று நீ பொய் சொல்ல வேண்டாம், திட்ட வேண்டுமானால் திட்டு, அவள் கேட்டுக்கொள்வாள். நடுவில் மட்டும் போனை வைத்துவிடாதே.

உன் அப்பா,
பாலசுப்பிரமணி