பீடி பத்தும் என்று எழுதிய பலகை

மாமு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து இப்போதுதான் உன் அலமாரியை ஒழித்திருக்கிறார்கள். "கம்ப்யூட்டர் சாமான்லாம் அங்கிள் கையில குட்துடுன்னு அம்மா சொல்ச்சி," என்றாள். மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாசனை. உள்ளே ஒன்பது பிளாப்பி. உன் பிரவுசிங் சென்டரில் எதை எடுத்தாலும் அந்த வாசனை வரும், கீபோர்டில்கூட வரும். யாராவது மூக்கைப் பிடித்தால், "இது காசிமேட்டு ஏசி, தனி சார்ஜ் இல்ல" என்பாய்.

டோல்கேட் பக்கத்தில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம், சாமி படத்துக்குக் கீழே ஒரு யுபிஎஸ். அவ்வளவுதான் உன் கடை. நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருந்தேன். எங்கள் ஆபீஸ் லைன் பாதி நாள் செத்துக் கிடக்கும் என்பதால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் கடைக்கு ஓடி வந்து வானிலைக் கோப்பை இறக்குவேன். வெளிநாட்டில் ஒரு பெரிய கணினி உலகம் முழுவதற்கும் காற்றைக் கணக்குப் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்த கோப்பு அது. திறந்து பார்த்தால் குப்பை மாதிரி எழுத்துகள். அந்தக் குப்பைக்குள் நூற்றுக்கணக்கான துண்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் நான்கு எழுத்தில் தொடங்கி நான்கு ஏழில் முடியும். அந்தத் தொழிலில் அதற்குச் செய்தி என்று பெயர். ஒரு செய்தி என்றால் ஒரு பொருள், ஒரு உயரம், ஒரு நேரம்: நாளைக் காலை ஐந்தரை மணிக்குக் கடல் மட்டத்துக் காற்று, அதன் கிழக்கு மேற்கு வேகம் மட்டும் என்பது போல.

"நாலு ஏழு வந்தா ரம்மில ஆட்டம் க்ளோஸு. இதுல இன்னாத்துக்கு இத்தினி நாலு ஏழு வந்துகினே கீது?" என்று தோளுக்குப் பின்னால் நின்று கேட்டாய். ஒரு செய்தி முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்று சொன்னேன். "அப்போ முடிஞ்சிச்சான்னு பாத்துதான் எடுக்கணும்," என்றாய். நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை உள்ள கடலுக்குத் தேவையானதை மட்டும் சலித்தெடுக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி, உன் கடைக் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் வைத்திருந்தேன். சரக்கு ஏற்றும் பார்ஜ்களுக்கு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அந்தத் தாளைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது நீ. உன் அண்ணன் ஃபைபர் படகில் போகிறவர். அவருக்காக ஆரம்பித்தது, பிறகு துறைமுகத்து டீக்கடையில் ஒரு கரும்பலகையாக ஆனது. மறுநாள் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வரி. தாளில் 'நாட்' என்ற கடல் அளவில் இருக்கும் வேக எண்ணை எழுத மாட்டாய். "நாட் கணக்கு யாருக்கு மாமு வேணும்? அண்ணனுக்கு பீடிதான் கணக்கு." படகில் பீடி பற்றவைக்கும் அளவுக்குக் காற்று குறைவென்றால் 'பீடி பத்தும்'. கொஞ்சம் பலமென்றால் 'லுங்கி பறக்கும்'. அதற்கும் மேலே போனால் 'கரையில குந்து'. உன் கையெழுத்து சினிமா பேனர் எழுத்து மாதிரி இருக்கும். ஐஸ் ஏற்ற வருகிறவர்கள் டீ குடிக்காவிட்டாலும் பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாறு மாதம் அது சொன்னபடியே கடல் இருந்தது. எனக்குத் தலைக்கனம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

காற்று இரண்டு செய்தியாக வரும். கிழக்கு மேற்கு ஒன்று, தெற்கு வடக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்தால்தான் உண்மையான வேகம் தெரியும். என் புரோகிராம் முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது என்று வரிசைப்படி ஜோடி சேர்த்தது. ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அதன் நேரம் பொறித்திருக்கும். இரண்டு நேரமும் ஒன்றுதானா என்று ஒப்பிட இரண்டு வரி போதும். நான் எழுதவில்லை. உடைந்த செய்தி வந்தால் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போ என்று மட்டும் எழுதியிருந்தேன். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசி மாதத்து மதியத்தில் லைன் இரண்டு முறை அறுந்தது, ஞாபகம் இருக்கிறதா? மறுபடி இணைத்து, விட்ட இடத்திலிருந்து இறக்கினோம். தாள் வந்தது, வாங்கிக்கொண்டு போனாய், பலகையில் காலை வரியில் 'பீடி பத்தும்' என்று எழுதினாய். புயல் கூண்டு ஏற்றும் அளவுக்கு அது பெரிய காற்றில்லை. சின்னப் படகுக்கு மட்டும் பெரிய காற்று. உன் அண்ணன் வானத்தைப் பார்த்துத் தயங்கினாராம். பிறகு, "தம்பி போர்டு எழுதிகீறான், வா" என்று கூட்டாளியைக் கூப்பிட்டுக்கொண்டு விடியலில் போயிருக்கிறார்.

மறுநாள் காலை ஒரு விசைப்படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. வலை இல்லை, இன்ஜின் இல்லை. கயிற்றில் சிக்கி அண்ணனின் இடது கையில் இரண்டு விரல் இல்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லோரும் கூடி நின்றபோது நானும் உன் பக்கத்தில் நின்றேன். கையில் பெரிய கட்டோடு அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் நீ சொன்னாய்: "பேப்பர்ல சரியாதான் இருந்துச்சிண்ணே. நான்தான் வரி மாத்தி எழுதிட்டேன்." அண்ணன் உன்னை அடிக்கவில்லை. "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்று மட்டும் சொன்னார். நீ பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாய். உண்மையிலேயே நீதான் மாற்றி எழுதிவிட்டாய் என்று நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த நாள் ஆபீசில் கோப்பைத் திறந்து பார்த்தேன். லைன் அறுந்த இடத்தில் ஒரு செய்தி உடைந்திருந்தது: அந்தக் காலையின் தெற்கு வடக்குக் காற்று, பலமான வாடை. என் புரோகிராம் அதைத் தள்ளிவிட்டு, மதியத்துத் தெற்கு வடக்குக் காற்றை முன்னால் இழுத்துக் காலை இடத்தில் உட்கார வைத்திருந்தது. மதியத்தில் காற்று அடங்கிப்போயிருந்தது. நீ தாளில் இருந்ததைத்தான் எழுதியிருந்தாய்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த வாரம். நீ கடையை மூடிவிட்டு எண்ணூர் கன்டெய்னர் யார்டில் வேலைக்குப் போனாய், அப்போதும் சொல்லவில்லை. நாம் சேர்ந்து டீ குடித்தோம், உன் மகள் காதுகுத்துக்கு வந்தேன். அங்கே உன் அண்ணன் வந்து மொய் வைத்துவிட்டு, இலையில் உட்காராமல் போனதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் கிரிக்கெட்தான் பேசினேன். நான் கோழை, மாமு. இதற்கு நாசூக்கான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒன்பது பிளாப்பியில் இரண்டுதான் திறந்தன. ஒன்றில் உன் கல்யாணப் பத்திரிகை. இன்னொன்றில் என் புரோகிராம், ஆனால் என்னுடையது இல்லை. நடுவில் நான்கு வரி சேர்ந்திருந்தது. என் வரிகளையே வெட்டி ஒட்டி, தப்பும் தவறுமாக, ஆனால் ஓடும்படி எழுதியிருந்தாய். கிழக்கு மேற்கு எத்தனை, தெற்கு வடக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்து, சமமாக இல்லாவிட்டால் நின்றுவிடு. அதற்கு மேலே ஆங்கில எழுத்தில் உன் பேச்சு: "ரெண்டும் வந்துச்சான்னு எண்ணு மாமு. வரலன்னா போர்ட காலியா வுடு, அத்த இத்த போட்டு ரொப்பாத."

கோப்பு சேமித்த நேரத்தைப் பார்த்தேன். அண்ணன் கரை சேர்ந்த அதே நாள், காலை பதினொன்றரை. நீ டீக்கடையில் பழியை ஏற்றுக்கொண்டது அன்று சாயங்காலம். அதாவது எல்லாம் தெரிந்துதான் சொன்னாய். நான் கண்டுபிடிப்பதற்கு ஒரு நாள் முன்னாலேயே நீ கண்டுபிடித்துவிட்டாய். என் வேலை போய்விடும் என்று நினைத்தாயா, இல்லை நானே வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? இத்தனை வருடம் நான்தான் உன்னிடமிருந்து மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று காசிமேட்டுக்குப் போனேன். அண்ணன் இப்போது கடலுக்குப் போவதில்லை, வலை பின்னுகிறார். அதே டீக்கடையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று விரலால் டம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் இன்னா எழுதிகீறான், படி," என்றார். படித்தேன்.

"இன்னொரு தபா."

படித்தேன். டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு இங்கதான அவன் சொன்னான். இங்கயே சொல்லு, இவங்க கிட்ட."

எழுந்து நின்றேன். பெஞ்சில் நான்கைந்து கிழவர்கள், அன்று இருந்தவர்களில் சிலர். அந்தப் போர்டில் தப்பு எழுதியது அவன் இல்லை, என் கணக்குதான் தப்பு என்று சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர், "இன்னா போர்டு?" என்று கேட்டார். யாருக்கும் ஞாபகம் இல்லை, மாமு. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அண்ணன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "எனக்கு நெனப்பு கீது," என்றார். பிறகு, "பதினாறு வருசமா அவன் வூட்ல ஒரு வாய் துன்னல நானு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இன்று மதியம் உன் மனைவி போன் செய்தார். அண்ணன் காலையிலேயே வந்து, உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சோறு போடச் சொல்லிக் கேட்டாராம்.

இப்போதும் எனக்கு அதே வேலைதான். லைன் அறுவதில்லை, ஆனால் சில நாள் ஒரு செய்தி குறையும். அன்றைக்கு அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். பக்கத்துக் கட்டத்தை வைத்து நிரப்பிவிடலாமே சார் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். இதுவரை ஏதோ விதிமுறை என்று சொல்லிச் சமாளித்தேன். இன்று காலையிலிருந்து உன் பெயரைச் சொல்கிறேன்.