சுவிட்சுக்கு அந்தப் பக்கத்தையும் சோதிக்கக் கோரி

அனுப்புநர்:
மூத்த சலவைப் பணியாளர்,
அரசு மருத்துவமனைச் சலவைக்கூடம்
(பிணவறைக்குப் பின்புறம், வெள்ளைத் துணி காயும் திசையில் நடந்தால் வந்துவிடலாம்).

பெறுநர்:
உயர்திரு மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் ஆய்வாளர் அலுவலகம்.

பொருள்: சலவை இயந்திரத்தின் மின்காப்புச் சோதனை அரைகுறையாக நடத்தப்பட்டது – முழுமையான மறுசோதனை கோருதல் – அதுவரை இயந்திரத்தின் சுவிட்சுக்கு நான் போட்ட பூட்டைத் திறக்க மறுத்தல் – தொடர்பாக.

பார்வை: "அரசு உடைமையை அத்துமீறிப் பூட்டியது" குறித்து எனக்கு வழங்கப்பட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கத்துடனும், இடுப்பில் செருகிய சாவியுடனும் எழுதிக்கொள்வது. மேற்படி குறிப்பாணைக்கு மருத்துவமனை நிர்வாக அலுவலர் என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார். "பூட்டியது நான்தான்" என்று ஒரே வரியில் கொடுத்துவிட்டேன். முழு விவரத்தையும் தங்களுக்கு எழுதுகிறேன். மின்சார விஷயத்தில் நிர்வாகம் சொல்வதைத் தவறு என்று சொல்லும் அதிகாரம் தங்களுக்குத்தான் உண்டு என்று கேள்விப்பட்டேன்.

1. எங்கள் கூடத்தில் பெண்கள் ஐந்து பேர் வேலை செய்கிறோம். வார்டுகளின் படுக்கை விரிப்புகளும் அறுவை அரங்கத்துப் பச்சைத் துணிகளும் ஒரே பெரிய இயந்திரத்தில்தான் துவைக்கப்படுகின்றன. தரை எப்போதும் ஈரம். மழை பிடித்ததிலிருந்து இயந்திரத்தின் இரும்புக் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்றது. மேற்பார்வையாளரிடம் பலமுறை சொன்னோம். அவரை நாங்கள் 'ஆகட்டும்' என்றே குறிப்பிடுவது வழக்கம். எந்தக் குறையைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். இதற்கும் அதுவே வந்தது.

2. என் கணவரின் தம்பி மனைவி, அதாவது என் ஓரகத்தி, இதே கூடத்தில் என்னோடு வேலை பார்ப்பவள். துவைத்த துணியை எடுக்கக் கதவைப் பிடித்தவளின் கை அதோடு ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவளைப் பிடித்து இழுக்கப் பாய்ந்த இன்னொருத்தியைத் தள்ளிவிட்டு, நான் ஓடிப்போய்ச் சுவிட்சின் கைப்பிடியை இறக்கினேன். அவள் அப்படியே தரையில் விழுந்தாள். உயிர் தங்கியது. வலது உள்ளங்கை வெந்துபோனது, விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. எங்கள் இருவருக்கும் வீட்டில் ஆயிரம் சண்டை உண்டு, மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்ததும் உண்டு. அது எங்கள் வீட்டு விஷயம். அவள் மீது யாரும் வீண்பழி சுமத்தினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

3. பழி சுமத்தியும் விட்டார்கள். மின் பராமரிப்பு ஒப்பந்ததாரர் தம் அறிக்கையில், "ஈரக் கையுடன் இயந்திரத்தைக் கையாண்ட பணியாளரின் கவனக்குறைவே காரணம்" என்று எழுதியிருக்கிறார். சலவைக்கூடத்தில் ஈரக் கை குற்றமாம். இப்படியே போனால் கையில் சிமெண்ட் ஒட்டியிருந்ததற்காகக் கொத்தனாரையும் விசாரிப்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவளை வேலையிலிருந்து நீக்கப் பேச்சு நடக்கிறது.

4. வயரின் மேலுறை கெட்டால் மின்சாரம் கசியும் என்பதும், கசிவைக் கண்டுபிடிக்க மெக்கர் என்றொரு கருவி உண்டு என்பதும் தாங்கள் அறிந்ததே. விபத்துக்குப் பிறகு ஒப்பந்ததாரர் அந்தக் கருவியுடன் ஒரு சோதனையாளரை அனுப்பினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் நடைபாதையில் இருக்கும் மெயின் போர்டில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அங்கேயே கருவியை இணைத்துப் பார்த்து, அளவு நன்றாக இருப்பதாக எழுதிக்கொண்டார். அத்தனை நேரமும் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவர்ச் சுவிட்சின் கைப்பிடி, நான் அன்று இறக்கிவிட்டது, இறங்கியபடியே இருந்தது. இறங்கிய சுவிட்சைத் தாண்டி உங்கள் கருவி எப்படிப் பார்க்கும் என்று கேட்டேன். மனிதர் மழுப்பவில்லை. "சுவிட்ச் வரைக்கும்தாம்மா பார்த்தேன். அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல" என்றார்.

ஐயா, சுவிட்சுக்கு அந்தப் பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் தேங்கும் தரைக்கடியில் குழாய்க்குள் ஓடும் வயரும் அங்கேதான், என் ஓரகத்தியைப் பிடித்துக்கொண்ட இயந்திரமும் அங்கேதான். வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே நோயாளி நலம் என்று எழுதிக் கொடுத்ததைப் போன்ற சோதனை இது.

5. சோதனை முடிந்தது, இயந்திரத்தை ஓட்டலாம் என்றார் மேற்பார்வையாளர் 'ஆகட்டும்'. அப்படியானால் மின்சாரத்தைக் கொடுத்து, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்களைப்போல் ஈரத்தரையில் நின்று கதவை ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள் என்று அந்தச் சோதனையாளரைக் கேட்டேன். "நான் தொடமாட்டேம்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. தாங்களும் அவரைத் தண்டிக்க வேண்டாம். இந்த விவகாரம் முழுவதிலும் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனால், ஒப்பந்ததாரர் கையெழுத்திட்டு அனுப்பிய சான்றிதழில் "முழு மின்னமைப்பும் சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது" என்று இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

6. ஆகவே பூட்டினேன். கைப்பிடியை இறக்கிய நிலையில் பூட்டு மாட்டுவதற்கென்றே அந்தச் சுவிட்சில் துளை இருக்கிறது. அது அழகுக்காக வைத்த துளை அல்ல என்று நினைக்கிறேன். மாட்டியது என் வீட்டு வாசற்பூட்டு. வீட்டுக் கதவை இப்போது கயிற்றால் கட்டிவைத்திருக்கிறோம். திருடனுக்குக் கிடைக்கும்படி அங்கே எதுவும் இல்லை. அரசு உடைமைக்கு ஒரு கீறலும் விழவில்லை. கேட்டவுடன் சாவியைத் தரவில்லை என்பது மட்டும் உண்மை. இனியும் தரமாட்டேன்.

7. என் பிடிவாதத்தால் நோயாளிகள் அவதிப்படுவதாகக் குறிப்பாணை கூறுகிறது. இது பொய். பூட்டிய நாள் முதல் நாங்கள் கல்லில் அடித்துத் துவைக்கிறோம். அறுவை அரங்கத் துணியைக் கொதிக்கவைத்து அலசுகிறோம். தோள்பட்டை கழன்று விழும்போல் வலிக்கிறது. ஆனாலும் ஒரு வார்டுக்கும் ஒரு விரிப்பும் குறையவில்லை. சந்தேகமிருந்தால் செவிலியர்களைக் கேட்கலாம். நோயாளிகளை முன்னே நிறுத்தி எங்களை மடக்கும் வித்தை பழையது, இந்த முறை பலிக்காது.

8. நான் கேட்பது சலுகை அல்ல. தாங்கள் நேரில் வர வேண்டும். எங்கள் ஐவர் முன்னிலையில், மெயினில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இயந்திரச் சுவிட்சின் கைப்பிடியை ஏற்றிவைத்து, தரை வழக்கம்போல் நனைந்திருக்கும்போது, வயரின் கடைசி முனையும் இயந்திரமும் உட்பட மெக்கர் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகப் பூட்டை நானே திறந்து தருகிறேன். அளவு சரியாக இருந்தால், கதவை முதலில் தொடும் கை என்னுடையது. அதன்பின் எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாய் திறவாமல் ஏற்கிறேன். அளவு தவறினால், வயரை மாற்ற உத்தரவிட்டு, "கவனக்குறைவு" என்ற வரியை அடித்துவிட்டு, அதே இடத்தில் காரணத்தை எழுத வேண்டும். மடியில் கனமில்லாதவர்களுக்கு இதில் ஏன் பயம் என்று எனக்குப் புரியவில்லை.

பூட்டை உடைக்க ஆள் அனுப்பப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. உடைத்தால் வேறொன்று மாட்டுவேன். மற்ற நால்வர் வீட்டிலும் பூட்டு இருக்கிறது. தாங்கள் அதற்கு முன்பே வந்துவிடுவீர்கள் என்று நம்பி, எங்கள் வேலைக்குத் திரும்புகிறோம்.

இடம்: சலவைக்கூட வாசல்
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை முறை தொடங்கும் முன்

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையெழுத்து)
மூத்த சலவைப் பணியாளர்
மற்றும் உடன் கையெழுத்திட்ட பணியாளர்கள் நால்வர்

குறிப்பு: கடைசியாகக் கோணலாக இருப்பது என் ஓரகத்தியின் கையெழுத்து. விரல் மடங்காததால் கைரேகை வைத்தால் போதும் என்று நாங்கள் சொன்னோம். "ரேகை வைக்கமாட்டேன்க்கா. எனக்கு எழுதத் தெரியும்" என்று சொல்லி, இடது கையால் எழுதினாள். பணிப் பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று தங்கள் அலுவலகத்தில் யாரும் மனுவைத் திருப்ப வேண்டாம். பதிவேட்டில் இருப்பது, அந்தக் கதவைத் தொடுவதற்கு முன்பு அவள் போட்டது.