இடது பக்க இருக்கை

பிப்ரவரி 4, 1896. செவ்வாய்.

பிரெஞ்சுப் படையின் புதிய பீரங்கியில் இன்றும் பதினொரு குண்டு சுட்டோம். பழைய பீரங்கி வெடித்த வேகத்தில் வண்டியோடு பின்னால் பாயும். தள்ளிக் கொண்டுவந்து மறுபடி குறி பார்க்க வேண்டும். இந்தப் புதியதில் குழாய் மட்டும் பின்னால் சறுக்குகிறது. அடியில் உள்ள உருளையின் எண்ணெயும் அழுத்திய காற்றும் அதைத் திரும்பத் தள்ளிவிடுகின்றன. வண்டி அசைவதில்லை. அதனால் இரு பக்கமும் இருக்கை வைத்திருக்கிறார்கள். இதுவரை யாரும் உட்காரவில்லை. தள்ளி நின்று கயிறு இழுத்துத்தான் சுடுகிறோம்.

வெள்ளிக்கிழமை ஜெனரல்கள் இதைப் பார்க்க வருகிறார்கள். காப்டன் வோசெல் சொன்னார்: "தவெர்னியே, இடது பக்கம் நீதான் உக்காரப் போறே."

ஏன் நான்?

பிப்ரவரி 5.

என் மனைவி லெயோந்தீனிடம் சொல்லியிருக்கக் கூடாது. சூப்புக் கரண்டியை வைத்துவிட்டு, "கஸ்பாருக்கு ஆனது மறந்துபோச்சா?" என்றாள். மறக்குமா? என் படைத்தோழன் அவன்; பழைய பீரங்கியின் சக்கரம் அவன் முழங்காலில் ஏறியபோது பக்கத்தில் நின்றவன் நான்.

"இது நகராதுடி."

"அப்ப நீ ஏன் குறுக்கும் நெடுக்கும் நடக்குறே?"

பிப்ரவரி 6.

கடைசி குண்டுக்குப் பிறகு குழாய் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு விரல் அகலம் பின்னாலேயே நின்றது. உருளைக்கடியில் தொட்டுப் பார்த்தேன் — எண்ணெய்.

காப்டனிடம் சொன்னேன். "குளிர்ல அப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு எல்லோர் முன்னாலும், "பொண்டாட்டி பயமுறுத்திட்டாளா, சார்ஜெண்ட்?" சிரித்தார்கள்.

பயம்தான். ஆனால் எண்ணெயும் உண்மைதானே? நான் மாட்டேன் என்றால் வேறொருவனை ஏற்றுவார். அவனுக்கும் முழங்கால் இருக்கிறதே!

பிப்ரவரி 7. வெள்ளி.

இருக்கை வரை போனேன். ஏறவில்லை.

"நானும் உக்கார மாட்டேன், வேற யாரையும் உக்கார விடமாட்டேன். முதல்ல இருக்கையில மணல் மூட்டையை வெச்சுச் சுடுங்க."

காப்டன் முகம் சிவந்துவிட்டது. "இதுக்குக் காவல்ல போடுவாங்க, தெரியுமில்ல?"

"தெரியும், காப்டன்."

வெள்ளை மீசைக்கார ஜெனரல் ஒருவர், "மூட்டையை வைங்கப்பா, குளிருது" என்றார்.

மூன்று குண்டு வரை ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இன்னொன்றும் சரியாகப் போயிருந்தால் நான் தொலைந்தேன். நாலாவதில் குழாய் நிற்காமல் சறுக்கி வண்டியின் பின்முனையில் மோத, வண்டி எகிறிப் பின்னால் பாய்ந்தது. மூட்டை சக்கரத்தடியில் கிழிந்து கிடந்தது.

 நான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 8.

கட்டளை மீறியதற்கு எட்டு நாள் காவல். மூட்டை கிழிந்தாலும் கட்டளை கட்டளைதானாம்.

பிப்ரவரி 17.

வெளியே வந்தாயிற்று. உருளையைப் பிரித்துத் தேய்ந்த அடைப்பு வளையத்தை மாற்றியிருக்கிறார்கள். காப்டன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கோபமா? வேறு ஏதாவதா?

மார்ச் 5. வியாழன்.

புது வளையத்தோடு, தள்ளி நின்று கயிறு இழுத்தே இருநூறு குண்டு சுட்டாயிற்று. ஒரு சொட்டு கசியவில்லை. இன்று ஜெனரல்கள் மறுபடி வந்தார்கள். யாரும் சொல்லாமலே போய் இடது பக்கம் உட்கார்ந்தேன்.  வலது பக்கம் யாரோ ஏறும் சத்தம்.

காப்டன் வோசெல்.

"காப்டன், இது உங்க இடமில்லையே..."

"பேசாம குறியைப் பாரு."

ஒரு நிமிடத்தில் பதினைந்து குண்டு. குழாய் போய் வந்தது, போய் வந்தது. சக்கரம் இம்மி நகரவில்லை. சத்தம் அடங்கியதும் அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "முதல் குண்டுக்குக் கண்ணை மூடிட்டியா?"

"மூடிட்டேன், காப்டன்."

"நானும்தான்."