கட்டைவிரலும் கீரைக் கடைசலும்

எமரால்டு, நீலகிரி,
புதன்கிழமை

அன்புக் கண்ணு ஷண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் மழைக்கும் கம்பளிக்கும் நடுவில் சுகம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும், அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால், போனைத் திறந்து உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. அங்கே அது நடுச்சாமம். தூங்காமல் என்ன செய்கிறாய் என்று கேட்டால் நீயும் என்னைக் கேட்பாய், அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். என் போனை உங்கப்பாவும் பார்க்கிறார், நம் குடும்பக் குரூப்பைக் கோயமுத்தூரே பார்க்கிறது. காகிதத்தைப் பிரிப்பவள் நீ ஒருத்திதான்.

நீ டப்ளினுக்குப் போகும்போது எனக்கு பேஸ்புக் திறந்து கொடுத்தாய் அல்லவா, அதில் தொடங்கியது எல்லாம். பச்சைத் தேயிலை விலை விழுந்ததும் நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி நின்றது. ஒன்றரை ஏக்கருக்குக் களைமருந்து அடிப்பதும் நின்றது. மருந்து நின்றதும் செடிகளுக்கு நடுவில் பண்ணைக்கீரையும் மணத்தக்காளியும் தானாக எழுந்து வந்தன. நான் அதைப் பறித்துக் கடைந்து, களி கிண்டி, படம் பிடித்துப் போட்டால், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சைவத்துக்கு மாறியதற்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். ஒரு அம்மாள் எது என்னை மாற்றியது என்று கேட்டிருந்தார். தேயிலை விலை என்று எழுத வெட்கமாக இருந்தது, மன அமைதி என்று எழுதிவிட்டேன். உங்கப்பா அதைப் படித்துவிட்டு, அமைதிக்கு ஒரு முட்டையாவது சேர்க்கலாமே என்றார்.

அந்தக் கீரைப் படம் ஒன்றில் பின்னால் நம் தோட்டமும் பனிமூட்டமும் விழுந்திருந்தன. திருப்பூர்க்காரர் ஒருவர் கீரையை விட்டுவிட்டு, இடம் விலைக்கு வருமா, காட்டேஜ் கட்டலாம் போலிருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். நான் குளிக்கப் போன நேரத்தில் உங்கப்பா என் பெயரிலேயே, வாருங்கள் பேசலாம் என்று பதில் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. மழைக்காலம் வந்தால் அவருக்கு மூச்சு இழுக்கிறது, கோயமுத்தூரில் பெரியப்பா கடையில் உட்கார இடம் இருக்கிறது. குரூப்பில் அவர் சேதி சொன்னதும் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிப் படம் போட்டீர்கள். உன்னுடையதுதான் முதல் விரல்.

இடம் என் பெயரில் இருப்பதால் என் கட்டைவிரலும் வேண்டியிருந்தது. திருப்பூர்க்காரர் உஷாரான மனிதர். ஆதார் அட்டையும் ரேகையும் பொருந்தினால்தான் முன்பணம் என்றுவிட்டார். பஜாரில் லூயிஸ் கடையில் அந்த மெஷின் இருக்கிறது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன், ஒன்றைக்கூட அது ஏற்கவில்லை. உனக்கு ஒரு விஷயம் சொல்லாமல் இருந்தேன். கூலிக்கு இன்னொரு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாததால் போன வருஷத்திலிருந்து நானும் ஆண்டாயி அக்காவோடு கூடை மாட்டிக்கொண்டு இலை எடுக்கிறேன். தேயிலைக் கறை ஏறி, ரேகை தேய்ந்து, விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. அட்டையில் இருக்கும் சாந்தாமணி முகத்துக்குப் பவுடர் போட்டு, அப்போது ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள். மெஷின் அவளைத் தேடுகிறது, நான் என்ன செய்வேன்? லூயிஸ் பாவம், ரெண்டு வாரம் இலை எடுக்காமல், பாத்திரம் விளக்காமல், எண்ணெய் தடவிக்கொண்டு வரச் சொன்னான்.

அந்த இரண்டு வாரம் நான் ராணி. உங்கப்பாவே சமைத்தார். ரசத்துக்குப் புளி கரைக்க மறந்து, பருப்புத் தண்ணீரில் மிளகு மிதந்ததைத் திப்பிலி ரசம் என்று சாதித்தார். நான் வேலியோரம் நின்று ஆண்டாயி அக்கா இலை எடுப்பதை வேடிக்கை பார்த்தேன். சிலோனிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம், தாங்கள் யாரென்று காட்ட அவரிடம் இல்லாத அட்டையா? ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருக்கிறார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். தேறி வருகிறது என்றேன். கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துவிட்டு, “ஏன் தங்கச்சி, காட்டேஜு வந்தப் பொறகு கீரைய எங்க புடுங்குவ, நீச்சக் கொளத்துலயா?” என்றார். சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அன்றைக்கு எண்ணெய் தடவ மறந்து போனேன். மறுநாள் மறக்கவில்லை, தடவவில்லை.

அப்படியும் நேற்று மெஷின் என்னை அடையாளம் கண்டுவிட்டது. “வந்துருச்சுங்க அக்கா” என்று லூயிஸ் குதிக்காத குறை. உங்கப்பா கடையை விட்டு இறங்கும் முன்பே குரூப்பில் போட்டுவிட்டார், மறுபடியும் விரல்மழை. நான் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். ஒரு மெஷின் எனக்காக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் என்று நம்பியிருந்திருக்கிறேன், பார். படித்த பொம்பளை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர்க்காரர் முன்பணத்தை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வருகிறார். மதியச் சாப்பாடு நம் வீட்டில். கீரைக் கடைசல், அவரைப் பொரியல், புளி கரைத்த ரசம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்தச் சாப்பாடு முடிந்து இலை எடுத்தாகியிருக்கும். உனக்கு முன்கூட்டித் தெரிந்தால் அரைமணி நேரம் பேசி என் மனதை மாற்றிவிடுவாய், அதனால்தான் தபால். கோபம் வந்தால் முதலில் சாப்பிடு, பிறகு போன் போடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. நீ நல்ல மனதோடும் நல்ல உடம்போடும் நிறைய காலம் இருக்க வேண்டும் கண்ணு.

உங்கப்பா மழை மாதங்களில் கோயமுத்தூர் போய் இருக்கட்டும், வெயில் வந்ததும் வரட்டும். நான் இங்கேதான் இருக்கப் போகிறேன். அவர்கள் கை கழுவி உட்கார்ந்ததும், இடம் விலைக்கு இல்லைங்க என்று என் வாயால் சொல்லப் போகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

உன் அம்மா,
சாந்தாமணி மனோகரன்