ஜேட் கிண்ணத்துத் தவளை

வெள்ளி, ராத்திரி.



நான் வீட்டு வேலை செய்யுற சீன வாத்தியார் மேசையில ஒரு பச்சை ஜேட் கல்லுக் கிண்ணம் இருக்கு. தாமரை இலை மாதிரி செதுக்கினது. சீன எழுத்து எழுதி முடிச்சதும் பிரஷ்ஷ அதுலதான் அலசுவாரு. விளிம்புல மட்டும் காவியா ஒரு திட்டு. போன வாரம் அவரு மகள் வீட்டுக்குப் போயிருந்தப்ப, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சேன். போகல. என் வீட்டுக்காரர்கிட்ட குடுத்தேன். "அழுக்குதான் லா, ரெண்டு நிமிசம்"னு ஜெலாப்பாங்ல அவரு வேலை செய்யுற கல்லுப் பட்டறையில தேய்க்கிற மிசின்ல வச்சு வழவழன்னு ஆக்கிக் கொண்டாந்தாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

இன்னைக்கு வாத்தியார் கிண்ணத்த எடுத்தாரு. கண்ணு சரியாத் தெரியாது, விரலால தடவுனாரு. "காத்தாக் மானா?"ன்னாரு. தவளை எங்கேன்னு மலாய்ல கேக்குறாரு. கல்லோட மேல்தோலு காவியாம். அத வீணாக்காம அவரு அப்பா அதுலயே ஒரு குட்டித் தவளை செதுக்கினாராம். இவரு தடவித் தடவித் தேஞ்சு போனது என் கண்ணுக்கு அழுக்காத் தெரிஞ்சிருக்கு.

உண்மையச் சொல்லிட்டேன். கிண்ணத்த மறுபடி ஒரு சுத்து தடவுனாரு. அப்புறம், "தண்ணிக்குள்ள குதிச்சிருச்சு போல"ன்னு சிரிச்சாரு.

பிரஷ்ஷ அலசுறப்ப அவரு கட்டைவிரல் மட்டும் அந்த எடத்தையே தேடிக்கிட்டு இருந்துச்சு.