குமாரபுரம் தாண்டாத வண்டி

12.3.2007, திங்கள்

செண்பகராஜ் வந்து புது டிஸ்ப்ளே கார்டை மாட்டிவிட்டுப் போனான். எட்டயபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். படம் கழுவி விட்டது மாதிரி இருக்கிறது. தண்டவாளத்து ஜல்லி தனித்தனியாகத் தெரிகிறது.

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன மிஷின். அதில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஏதோ வெளிநாட்டுப் பனிமலைப் பாதை. வாயில் நுழையாத பெயர்களை விட்டுவிட்டு நம் பெயர்களை வைத்துக்கொண்டேன். கிளம்புகிற இடம் கோவில்பட்டி. அடுத்து குமாரபுரம், கடம்பூர். முடிவில் மணியாச்சி.

போன மாதம் வேல்சாமி வந்தபோது ஓட்டிக் காட்டினேன். குமாரபுரம் சிக்னலில் நிற்காமல் போய்விட்டேன். "ஏலே வெயிலு, அது செவப்புல்லா" என்று என் பேரைச் சொல்லிச் சிரித்தான். எக்ஸ்பிரஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன், சிரிப்பான். நானும் அவனும் ஒரே நாளில் லோகோ ஷெட்டில் இன்ஜின் துடைக்கச் சேர்ந்தவர்கள். இன்ஜினில் கரி போடுகிற பயர்மேன் ஆவதற்குக் கண் பரிசோதனை வைத்தார்கள். அவன் பாஸ். எனக்கு நிறம் தெரியவில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். ஜன்னல் அடைத்த அறை, புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகம், அரை நிமிஷம். அதோடு முடிந்தது. கடைசி வரை ஷெட்டிலேயே கிடந்தேன்.

வேல்சாமியிடம் சொன்னேன்: மிஷினில் டிஸ்ப்ளே மட்டம், எல்லா விளக்கும் ஒரே சாயலில் தெரிகிறது, வேறு கார்டு போட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன். சித்திரை பிறந்ததும் வருகிறேன் என்று போயிருக்கிறான். வரட்டும். சிவப்பில் நிறுத்திக் காட்டுகிறேன்.

சாயங்காலம் முதல் ஓட்டம். குமாரபுரத்துக்கு முன்னால் ஒரு பாலம் வரும். பாலத்தில் ஏறியதும் திரை இருண்டது. மிஷின் தானாக அணைந்து தானாகத் திரும்ப எழுந்தது.

13.3.2007

மறுபடியும் பாலம். மறுபடியும் அணைந்து எழுந்தது. படம் பார்த்தால், பாட்டுக் கேட்டால், கணக்குப் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. ரயில் ஓட்டினால் மட்டும்தான். என்ன விரோதம் இது?

15.3.2007

கார்டோடு வந்த சிடியைப் போட்டு எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றினேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரி விடாமல் படித்துத்தான் செய்தேன். பாலம் தாண்டவில்லை.

செண்பகராஜ் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, அன்னைக்கே சொன்னேன்லா. இந்தக் கார்டு கரண்ட்டை நல்லா இழுக்கும். உள்ள இருக்க எஸ்.எம்.பி.எஸ். தாங்காது, அதை மாத்தணும்" என்றான். மிஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். அதன் முதுகில் நானூறு வாட் என்று அச்சடித்திருக்கிறது. கார்டு அட்டையில் முந்நூற்றைம்பது போதும் என்று போட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் நான். "அச்சடிச்சது பொய்யாலே?" என்றேன். "பொய்தான் அண்ணாச்சி" என்று சிரிக்கிறான். பொருளை விற்க ஒரு வழி.

18.3.2007, ஞாயிறு

சூடாக இருக்கலாம். பங்குனி வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மிஷினின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் பேனை அதன் முகத்துக்கு நேரே வைத்தேன். வீட்டுக்காரி சீனித்தாய் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"மிஷினுக்குக் காத்து, எனக்கு முந்தானையா?"

வண்டியை எடுத்தேன். பாலத்தில் நின்றது.

22.3.2007

வோல்டேஜ் பார்த்தேன். காலை, மதியம், விளக்கு வைக்கிற நேரம். என் சொந்த மீட்டர். குறை ஒன்றும் இல்லை. குறை இருந்தால் கரண்ட் ஆபீசுக்குப் போய் ஒரு பிடி பிடித்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

25.3.2007, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். எர்த்.

வீட்டுக்குப் பின்னால் எர்த் கம்பி இறக்கிய இடத்தைப் போய்ப் பார்த்தேன். கரிசல் மண் காய்ந்து வாய் பிளந்து கிடக்கிறது. கம்பியைச் சுற்றி விரல் நுழைகிற வெடிப்பு. ஆட்டினால் பல் மாதிரி ஆடுகிறது. மண்ணோடு ஒட்டாத கம்பி என்ன வேலை செய்யும்? உப்பும் கரியும் போட்டு இரண்டு குடம் ஊற்றினேன். மண் குடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு குடம்.

சீனித்தாய் வாளியோடு வாசலில் நின்றாள். "குழாய்ல தண்ணி வந்து எத்தனை நாளாச்சு? மனுசர் குடிக்க வச்சதைப் பூமிக்கு ஊத்துதீங்க."

"எர்த்துக்கு ஈரம் வேணும்."

"எனக்கும் வேணும்."

27.3.2007

பாலம் தாண்டியது.

தாண்டியது, தாண்டியது. வளைவு திரும்பியதும் தூரத்தில் குமாரபுரம் விளக்கு. எவ்வளவு பளிச்சென்று இருந்தது. கையை பிரேக்கில் வைத்தேன். நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது.

என்ன நிறம்? பளிச்சென்று இருந்தது. அதற்குள் போய்விட்டது.

இன்னொரு குடம் ஊற்றினேன். பிறகு ஓட்டியபோது பாலத்துக்கே போகவில்லை.

1.4.2007, ஞாயிறு

புதூரிலிருந்து சீனித்தாயின் தம்பி ஒரு மூட்டை மிளகாய்ப் பழம் கொண்டுவந்து போட்டான். மொட்டை மாடியில் விரித்துவிட்டு, பழுக்காத காயைப் பொறுக்கி எடுக்கச் சொன்னாள். வெயிலில் உட்கார்ந்து ஒழுங்காகப் பொறுக்கிக் கொடுத்தேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் முதலிலிருந்து மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள். எதைச் செய்தாலும் அவளுக்குத் திருப்தி கிடையாது.

5.4.2007

இன்றும் பாலம்.

9.4.2007, திங்கள்

செய்ய இனி ஒன்றும் இல்லை. மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். வயர்களை மாற்றினேன். விளையாட்டையே அழித்துத் திரும்பப் போட்டேன். அதே இடம். மிஷினைத் தட்டினேன், அடித்தே விட்டேன். என்னதாம்லே வேணும் ஒனக்கு? ஒரே ஒரு தடவை அந்த விளக்குக்கிட்ட போக விட்டா என்ன? அன்னைக்கும் இப்படித்தான், பாத்துச் சொல்லுததுக்குள்ள புத்தகத்த மூடிட்டான். இன்னொரு பக்கம் காட்டுங்கன்னேன். அடுத்த ஆள வரச்சொல்லுன்னான்.

சித்திரைக்கு நாலைந்து நாள்தான் இருக்கிறது. வேல்சாமியை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன நினைப்பான்? நினைப்பது இருக்கட்டும், சிரிப்பான்.

தண்ணீர்த் தொட்டி அடியைத் தொட்டுவிட்டது. சீனித்தாய் குடத்தோடு தெருவுக்குப் போனாள்.

11.4.2007

பாங்குக்குப் போய்விட்டு வந்தால் செண்பகராஜ் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். சீனித்தாய் கூப்பிட்டிருக்கிறாள். பழைய எஸ்.எம்.பி.எஸ். தரையில் கிடந்தது, புதியது உள்ளே ஏறிவிட்டது. என்னைக் கேட்காமல்.

"யாரைக் கேட்டு?"

"அக்காவைக் கேட்டுத்தான். மாத்தலைன்னா தெருத் தண்ணியெல்லாம் குழிக்குள்ள போயிரும்னாவ."

பழையதை என் ஒரு கையிலும், புதியதைப் போலவே இன்னொன்றைப் பையிலிருந்து எடுத்து மறு கையிலும் கொடுத்தான். பழையது எடையே இல்லாமல் காலி டப்பா மாதிரி இருந்தது. முதுகில் நானூறு என்றுதான் போட்டிருந்தது. வாங்கி மூலையில் வைத்தேன். அவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னேன்.

12.4.2007

அணையவில்லை.

பாலம் தாண்டி, வளைவு தாண்டி, குமாரபுரம் விளக்கு வந்தது. கைகாட்டி மரம் என்றால் கை சாய்ந்திருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவர்களுடையது ஒற்றை விளக்கு, அதுவே நிறம் மாறும். நன்றாகத் தெரிந்தது. கண்ணாடியின் விளிம்பு கூடத் தெரிந்தது. வழி இருக்கிறது என்று போனேன். சிவப்பைத் தாண்டிவிட்டாய் என்று எழுத்து வந்து வண்டி நின்றது.

மறுபடி போனேன். இந்தத் தடவை நிறுத்தினேன். நிறுத்தி வெகுநேரம் காத்திருந்தேன். தண்ணீர் கொண்டுவந்த சீனித்தாய், "பச்சை விழுந்து நிக்கே, ஏன் போகாம இருக்கீங்க?" என்றாள்.

கார்டு நல்ல கார்டு.

13.4.2007

மாடியில் மிளகாய் அள்ளும்போது கேட்டேன். "நான் பொறுக்குனதை ஏன் மறுபடி பொறுக்குன?"

"பாதி காயால்லா கிடந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்லா."

"கல்யாணமான வருசம் எங்கப்பா தோட்டத்துல பழத்தோட காயையும் சேத்துப் பறிச்சீங்க. எல்லாரும் சிரிச்சாவ. காரம் பாக்க வேணும்னுதான் பறிச்சேன்னு சாதிச்சீங்க. உங்ககிட்ட யாரு சொல்ல?"

"பெறவு?"

"பெறவென்ன. அன்னையிலருந்து உங்க பின்னாலயே வந்து பொறுக்கிட்டு இருக்கேன்."

சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அள்ளிப் போட்டாள்.

அந்த டாக்டர் அறையில் வெளிச்சம் போதாது. அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். மொட்டை மாடியில் வெயில் இருந்தது.

14.4.2007, சனி, சித்திரை 1

இன்ஜினில் ஒரு விதி உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் பயர்மேன் சத்தமாகச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே ஆள் பார்த்து ஓட்டக் கூடாது. இத்தனை நாளும் விதியை மீறித்தான் ஓட்டியிருக்கிறேன். தவறு அங்கேதான்.

சீனித்தாயிடம் சொன்னேன். "எனக்கு ரயிலோட்டத் தெரியுமா?" என்றாள்.

"ஓட்ட வேண்டாம். கலரைச் சொன்னாப் போதும்."

பாயசம் ஆறுகிற நேரத்துக்குள் ஒரு தடவை பழகிக்கொண்டோம்.

15.4.2007, ஞாயிறு

வேல்சாமி வந்தான். கடம்பூர் போளி வாங்கிவந்திருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சீனித்தாய் இடது பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏலே, யாருலே இது? உன் பயர்மேனா?"

"ஆமா."

சிரிக்க வாயெடுத்தவன் எங்கள் இருவரையும் பார்த்தான். போளியைப் பிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

பாலம் தாண்டியது. வளைவு திரும்பியதும் சீனித்தாய் முக்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள். "செவப்பு."

"செவப்பு" என்றேன். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். விளக்குக்கு முன்னால் வண்டி வந்து நின்றது.

வேல்சாமி எழுந்துவந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். "குலுக்கலே இல்லாம நிப்பாட்டுதியேலே. எனக்கு இப்படி நிப்பாட்டப் பழக ரொம்ப வருசம் ஆச்சு" என்றான். கையை பிரேக்கிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன்.

"பச்சை" என்றாள் சீனித்தாய்.

"பச்சை."

மணியாச்சி வரை போனோம்.