ஒற்றைக் கம்ப்ரசர்

2014 பிப்ரவரி 11

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கேட்டால் "ஒண்ணுமில்லடா" என்பாள், நம்பாதீர்கள்.

வாயுவைத் திரவமாக்கும் புது ஆலையின் வரைபடம் வந்தது. கீழே உங்கள் கையெழுத்து! "எங்க அத்தானாக்கும்" என்று கண்ட்ரோல் ரூம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். ஆனால் ஒன்று நெருடுகிறது. வாயுவைக் குளிர்விக்க ஒரே கம்ப்ரசர், ஒரே குளிர்ப்பெட்டி. அது நின்றால் மொத்த ஆலையும் நிற்கும். மறுபடி மெதுவாகத்தான் குளிரவைக்க வேண்டும், அவசரப்பட்டால் பெட்டி விரிசல் விடும். சரக்கேற்றக் கப்பல் காத்திருக்கும்போது எங்களை யார் மெதுவாகச் செய்ய விடுவார்கள்? பாதி பாதியாக இரண்டு போடக் கூடாதா?

உங்கள் மைத்துனன்

2014 பிப்ரவரி 25

அன்பு மாப்பிள்ளைக்கு,

"அவன் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்று உன் அக்கா என் உயிரை வாங்குகிறாள். கேட்டேனடா! இரண்டாகப் பிரித்தால் விலை எகிறும். தினமும் கூடுதல் வாயுவை எரித்துத்தான் ஓட்ட வேண்டும், ஆலை இருக்கும் வரைக்கும். பெரிய இயந்திரம்தான் சிக்கனம். பெட்டிக்குள் வாயு ஓடும் வழிகளையும் நெருக்கி வைத்திருக்கிறேன், அதிலும் மிச்சம். அவசரப்படாமல் குளிரவைப்பது உன் பொறுப்பு. வீணாகக் கவலைப்படாதே.

உன் அத்தான்

2018 நவம்பர் 3

அன்புள்ள அத்தானுக்கு,

ஆலை ஓடத் தொடங்கி எட்டு மாதம்தான். போன வாரம் கம்ப்ரசர் நின்றது. துறையில் கப்பல். மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "சூட்டை இன்னும் வேகமா இறக்குப்பா" என்றார். இறக்கினேன். குளிர்ப்பெட்டி விரிசல் விட்டு வாயு கசிந்தது. வால்வை மூட ஓடினான் என் கூட்டாளி, நாங்கள் 'அரட்டை' என்று கூப்பிடுவோமே, அவன்தான். தீயில் போய்விட்டான். பாவி, போகும்போதுகூட "டீ ஆறிடும், மூடி வை" என்றான்.

மேலாளர் தான் எதுவும் சொல்லவில்லை என்கிறார். பழி முழுக்க என் தலையில். என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள் போலிருக்கிறது. விசாரணைக் குழு உங்களையும் அழைத்திருக்கிறதாம். என்னை அப்பாவி என்று சொல்ல வேண்டாம். வேகமாக இறக்கியது இந்தக் கைதான். "இந்த அமைப்பில் அவசரம் வரும் என்று என் மைத்துனன் முன்பே எச்சரித்தான்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் பழைய கடிதத்தை நான் காட்ட மாட்டேன். அக்கா வாழும் வீடு அது. நீங்களாகச் சொல்லுங்கள்.

மைத்துனன்

2018 டிசம்பர் 14

மாப்பிள்ளைக்கு,

போய் வந்தேன். அமைப்பில் குறை உண்டா என்று கேட்டார்கள். விதிப்படி இயக்கினால் இல்லை என்றேன். அது பொய்யில்லையே? வேறு எப்படிச் சொன்னாலும் முப்பது வருட உழைப்பு மண்ணாய்ப் போயிருக்கும்.

நல்ல வக்கீல் வைக்கிறேன், செலவு என்னுடையது. அடுத்த ஆலையை இரண்டாகப் பிரித்தே வரைந்திருக்கிறேன். உன் அக்கா என்னோடு பேசுவதே இல்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள்.

அத்தான்

2018 டிசம்பர் 29

வடிவமைப்புப் பொறியாளர் அவர்களுக்கு,

அத்தான் என்று எழுதக் கை வரவில்லை. வக்கீல் வேண்டாம். அடுத்த ஆலை விஷயம் நல்ல செய்தி. அங்கே ஷிப்டில் உட்காருகிறவன் பிழைத்துக்கொள்வான்.

நீங்கள் கேட்டபடி அக்காவுக்கு எழுதினேன். நான் உள்ளே போய்விட்டால் அரட்டையின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் துணைக்கு ஆள் வேண்டும், வருவாயா என்று கேட்டேன். உடனே பதில் போட்டுவிட்டாள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அவள் கிளம்பியிருப்பாள்.

இரண்டாவது ஷிப்ட் சூப்பர்வைசர்